சிறிய குளியலறையில் கருப்பு: எவ்வளவு, எங்கே, எப்படி

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் காவிச் சிமெண்டுத் தரை போட்ட கொத்தனார்கள், அறை முழுவதும் சிவப்பைப் பரப்பிவிட்டு, சுவரை ஒட்டிய ஓரத்தில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குக் கருப்பில் ஒரு கரை இழுத்திருப்பார்கள். அந்தக் கரை இல்லாத தரை வேலை முடியாததுபோல் தோன்றும். அதே கருப்பை அறை முழுவதும் பூசியிருந்தால் பகலிலேயே விளக்கேற்ற வேண்டி வந்திருக்கும். சிறிய குளியலறையைக் கருப்பால் அழகுபடுத்த நினைப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்தக் கரைக் கணக்குத்தான். புடவையின் உடல் வேறு நிறமாக இருந்தால்தான் கரை எடுபடும், குளியலறையிலும் அப்படியே.

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் கட்டப்படும் வீடுகளில், படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை பெரும்பாலும் நான்கடிக்கு ஏழடி அல்லது ஐந்தடிக்கு ஏழடி என்ற அளவில்தான் அமைகிறது. எங்கள் வீட்டில் நான் மாற்றியமைத்ததும் நான்கடிக்கு ஏழடி அறை என்பதால், கீழே சொல்லும் கணக்குகளை அந்த அளவை வைத்தே தருகிறேன். கருப்பு என்றதும் வீட்டுப் பெரியவர்கள் தயங்கக்கூடும். எங்கள் ஆச்சியும் தயங்கினார். குழந்தையின் கன்னத்தில் அவரே வைக்கும் திருஷ்டிப் பொட்டு எவ்வளவு சிறியது, ஆனாலும் முகத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதானே என்று எடுத்துச் சொன்னபோது, அந்த அளவில் இருந்தால் சரி என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன அந்த அளவே பின்னர் எனக்கு வழிகாட்டியாக இருந்தது.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

கருப்புக் குழாயின் படத்தைப் பார்த்து மயங்கிக் கடைக்குப் புறப்படுவதற்கு முன், உங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் ஏறும் தண்ணீர் எது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் குடிப்பதற்குத் தாமிரபரணித் தண்ணீரும் குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் பயன்படுகின்றன. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலோ கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு துளி உலரும்போதும் அவை வெண்மையான படிவாகத் தங்கிவிடுகின்றன. பளபளக்கும் குரோமியக் குழாயில் இந்தப் படிவு ஓரளவு மறைந்துவிடும். கருப்புப் பரப்பில் ஒரு துளிகூட மறையாது.

வள்ளியூர்ப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டில், குழாய், ஷவர், ஹெல்த் ஃபாசெட், தரை ஜாலி என எல்லாவற்றையும் ஆசையோடு கருப்பிலேயே பொருத்தினார்கள். இரண்டு மாதங்களுக்குள் அவை சுண்ணாம்பு தெளித்தவைபோல் ஆகிவிட்டன. கறையைப் போக்க, வீடு துடைக்க வாங்கி வைத்திருந்த ஆசிட்டை ஊற்றித் தேய்த்தபோது கருப்புப் பூச்சு உரிந்து, உள்ளிருந்த பித்தளை தெரிந்தது. குற்றம் குழாயில் இல்லை. தண்ணீரைப் பார்க்காமல் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருந்தது.

சோதிக்கும் முறை எளிது. வீட்டில் கடப்பாக்கல் துண்டோ கருப்புக் கண்ணாடித் துண்டோ இருந்தால் அதை நன்றாகத் துடைத்து, ஒரு பக்கம் குளியலறைத் தண்ணீரில் நான்கைந்து துளிகளும் மறுபக்கம் ஆற்றுத் தண்ணீரில் நான்கைந்து துளிகளும் விட்டு, நிழலில் உலரவிடுங்கள். உலர்ந்தபின் குளியலறைத் தண்ணீர் விட்ட இடத்தில் தடித்த வெள்ளை வளையங்கள் தெரிந்தால், உங்கள் குழாய்களும் அப்படித்தான் ஆகும். துல்லியமான அளவு தேவையென்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துக் கடினத்தன்மையை அறியலாம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவும் குறிப்பிடுகிறது. என் அனுபவத்தில், 200-க்குக் கீழ் இருந்தால் தயங்காமல் கருப்புக் குழாய் போடலாம். 300-ஐத் தாண்டினால், தண்ணீர் படும் இடங்களில் குரோமியத்தையே வைத்துக்கொண்டு, கருப்பைத் தண்ணீர் படாத இடங்களுக்கு மாற்றிவிடுவது நல்லது. அப்படிப்பட்ட இடங்களும் நிறைய உண்டு: கண்ணாடியின் சட்டம், கதவு, நிலை, ஜன்னல் கம்பி, விளக்கு, டவல் கம்பி, அலமாரி.

எவ்வளவு கருப்பு?

நான்கடிக்கு ஏழடி அறையின் சுற்றளவு 22 அடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் சுவர்ப் பரப்பு 154 சதுர அடி. கதவுக்காக ஏறத்தாழ 16 சதுர அடியைக் கழித்துத் தரையின் 28 சதுர அடியைக் கூட்டினால், கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுமார் 166 சதுர அடி. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 அல்லது 16 சதுர அடிக்கு மேல் கருப்பு போகக்கூடாது என்பது என் கணிப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும்: குறுகிய பக்கத்துச் சுவர் ஒன்றை முழுவதும் கருப்பாக்கினாலே 28 சதுர அடி ஆகிவிடுகிறது. படங்களில் காணும் முழுக் கருப்புச் சுவர் பெரிய ஜன்னலும் உயர்ந்த கூரையும் உள்ள அறைக்குப் பொருந்தும். இரண்டடி வென்டிலேட்டர் மட்டுமே உள்ள நம் அறையில் அது சுவரையே நம்மை நோக்கி இழுத்து வந்துவிடும்.

கருப்புச் சுவர்தான் வேண்டும் என்று விரும்புபவர்கள், ஷவருக்குப் பின்னால் ஓரடி அகலத்தில் தரையிலிருந்து மேல்வரை செல்லும் ஒற்றைப் பட்டையாகக் கருப்பு டைல்ஸை ஒட்டலாம். அது ஏழு சதுர அடிதான். பார்வையையும் மேல்நோக்கி இட்டுச் செல்லும். இடுப்பு உயரத்தில் அறையைச் சுற்றி ஓடும் கருப்பு பார்டர் டைல்ஸ் வேண்டாம். அது அறையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கூரையைத் தாழ்த்திக் காட்டும்.

மீதமிருக்கும் ஒன்பது பங்குக்கு என்ன நிறம் என்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. தூய வெள்ளையும் கருப்பும் மட்டும் சேர்ந்தால் அறை ஆஸ்பத்திரிபோல் ஆகிவிடும் என்பது என் எண்ணம். தந்த நிறம், வெளிர் சந்தன நிறம், இளஞ்சாம்பல் ஆகியவை கருப்போடு இதமாக இணைகின்றன. அவற்றோடு செம்மண் நிறத்தில் சிறிது சேர்த்தால் நம் மண்ணின் சாயல் வந்துவிடும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழம்பானைகளில் கருப்பும் சிவப்பும் ஒரே மட்பாண்டத்தில் இணைந்திருக்கின்றன. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருக்க, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். அப்படிப் பிறந்த இணை அது. காருகுறிச்சி மண்சட்டி ஒன்றில் மருள் செடியை நட்டு, கருப்பு அலமாரியின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இணை இன்றைக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பது புரியும்.

வெளிச்சம்

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூறில் எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. கருப்புப் பரப்பு ஐந்து பங்கு அளவுக்கே அனுப்புகிறது. எனவே, கருப்பைச் சேர்க்கும்போது விளக்கையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். கூரையின் நடுவில் ஒரே 9 வாட் எல்இடி பல்பு இருந்தால், கண்ணாடி முன் நிற்பவரின் நிழல் அவர் முகத்திலேயே விழும். கண்ணாடிக்கு மேலே இன்னொரு விளக்கைப் பொருத்துங்கள். விளக்கொளியின் நிறம் 4000 கெல்வின் அளவில், அதாவது மஞ்சளுக்கும் வெண்மைக்கும் இடைப்பட்டதாக இருப்பது நல்லது. 6500 கெல்வின் வெண்ணொளி கருப்பை நீலம் பாய்ந்ததுபோல் காட்டிவிடும். நீர் தெறிக்கும் அறை என்பதால் ஐபி 44 தரமுள்ள விளக்காகக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடியை வென்டிலேட்டருக்கு எதிர்ச் சுவரில் மாட்ட முடிந்தால் பகல் வெளிச்சம் அறைக்குள் இரு மடங்காகத் தோன்றும். அறையில் ஒரே ஒரு கருப்புப் பொருள் மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால், மெல்லிய கருப்புச் சட்டமுள்ள பெரிய கண்ணாடியையே வாங்குங்கள் என்பேன். சட்டத்தின் அகலம் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை போதும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டம் ஈரத்தைத் தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சட்டம் ஒரு மழைக்காலத்திலேயே உப்பிவிடும்.

உடைக்காமல் செய்யக்கூடியவை

கொத்தனாரை அழைப்பதற்கு முன், உடைக்காமல் மாற்றக்கூடியவற்றை மாற்றி ஒரு மாதம் பழகிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது.

நம் குளியலறைகள் வாளியை நடுவில் வைத்துப் புழங்குபவை. எவ்வளவு செலவு செய்து டைல்ஸைத் தேர்ந்தெடுத்தாலும், நடுவில் ஒரு ரோஸ் நிற வாளியும் பச்சைக் கோப்பையும் நீல முக்காலியும் இருந்தால் கண்ணுக்குத் தெரிவது அவைதான். முதல் வேலையாக இவற்றை மாற்றுங்கள். தந்த நிற வாளியும் கருப்புக் கோப்பையும் நன்றாக இருக்கும்; வீட்டில் பழைய பித்தளை வாளியோ செம்போ பரணில் கிடந்தால் அதற்கு இணையாக எதுவும் இல்லை. புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் மஞ்சள் ஒளி கருப்புக்குப் பக்கத்தில் பளிச்சென்று எழும். கம்பியில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளையும், எண்ணெய்ச் சீசாக்களையும், சீயக்காய் டப்பாவையும் மூடிய ஓர் அலமாரிக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

அடுத்தது கதவும் நிலையும் வென்டிலேட்டர் கம்பியும். இரும்புக் கம்பியாக இருந்தால் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தெடுத்து, துணியால் துடைத்து, மெட்டல் பிரைமர் ஒரு கோட்டும், அதன்மேல் கருப்பு எனாமல் இரண்டு மெல்லிய கோட்டுகளும் அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஓர் இரவு காயவிடுங்கள். பளபளப்பே இல்லாத ‘மேட்’ வகைப் பெயிண்டில் சோப்புக்கறை பிடித்துக்கொள்ளும். அதிகப் பளபளப்பில் அடியிலுள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சாட்டின் வகையே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நிற்கும்வரை இந்த வேலையைத் தொடங்காதீர்கள்; சுவரிலும் காற்றிலும் ஈரம் இருக்கும்போது பெயிண்ட் ஒழுங்காகக் காயாது. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். புறவாசலில் வெயில் படும்படி தனியாகக் கட்டிய குளியலறையாக இருந்தால், பிவிசி கதவின் வெளிப்புறத்தைக் கருப்பாக்க வேண்டாம். நம் சித்திரை வெயிலை அது உறிஞ்சி வளைந்துவிடக்கூடும். உட்புறம் மட்டும் போதும்.

டவல் கம்பி, கொக்கி, சோப்புத் தட்டு ஆகியவற்றை வாங்கும்போது, கருப்புப் பூச்சுக்கு அடியில் என்ன உலோகம் என்று கேளுங்கள். அடியில் சாதாரண இரும்பு இருந்தால், கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு வழிந்து டைல்ஸில் செந்நிறக் கோடாக இறங்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அலுமினியமோ நல்லது. திருகாணிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும். டைல்ஸில் துளையிடும்போது குறித்த இடத்தில் டேப் ஒட்டி, டைல்ஸின் மேல்பரப்பைக் கடக்கும்வரை டிரில்லரில் சுத்தியல் விசையைப் போடாமல் மெதுவாகத் துளையிட வேண்டும். குழாய்களுக்கும் கீசருக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் பைப் ஓடும் என்பதால் அந்த வரிசையைத் தவிர்த்துவிடுங்கள்.

குழாய்கள்

தண்ணீர்ச் சோதனையில் தேறிய வீடுகளுக்கே இந்தப் பகுதி. கருப்புப் பூச்சு பல வகைப்படும். பவுடர் கோட்டிங், மின்முலாம், பிவிடி என்ற மூன்றில், வெற்றிடக் கலத்துக்குள் ஆவியாக்கிப் படியவைக்கும் பிவிடி பூச்சே கீறலையும் தேய்மானத்தையும் அதிகம் தாங்குகிறது. விலை கூடுதலாக இருந்தாலும், தினமும் கைபடும் வால் மிக்சர் (வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் சுவர்க் குழாய்), பில்லர் காக் (வாஷ் பேசின் மேல் நிற்கும் குழாய்) ஆகிய இரண்டுக்காவது அதையே கேளுங்கள். குழாயின் உடல் பித்தளையால் ஆனதா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தே ஓரளவு அறியலாம். பித்தளைக் குழாய் கனமாக இருக்கும்.

கருப்பிலும் பல கருப்புகள் உண்டு என்பதைக் கடையின் விளக்கொளியில் கவனிக்கத் தவறிவிடுவோம். ஒன்று நீலம் கலந்ததாகவும், இன்னொன்று காப்பிநிறம் கலந்ததாகவும் இருக்கும். எனவே எல்லாக் குழாய்களையும் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தால் அதைக் கையோடு எடுத்துச் சென்று, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீரைத் திறந்து மூடும் சிறிய ஆங்கிள் காக், வாஷ் பேசினுக்கு அடியிலுள்ள பாட்டில் ட்ராப் என்ற கழிவுநீர்க் குழாய், தரை ஜாலி ஆகியவை கணக்கில் விட்டுப்போகும். பெரிய குழாய் கருப்பாகவும் அருகிலேயே இருக்கும் ஆங்கிள் காக் பளபளக்கும் குரோமியமாகவும் இருந்தால், வேலை பாதியில் நின்றதுபோல் தோன்றும்.

டைல்ஸும் இடுக்கும்

வெளிர் டைல்ஸின் இடுக்கைக் கருப்பு க்ரௌட்டால் அடைப்பது குறைந்த செலவில் பெரிய மாற்றத்தைத் தரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகளில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. வெள்ளைச் சிமெண்டு இடுக்கில் மஞ்சளும் சீயக்காயும் ஏறிப் பழுப்பாவதுபோல் இதில் ஆவதில்லை. ஆனால் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். வெள்ளைச் சிமெண்டில் கருப்பு ஆக்சைடு பொடியைக் கலந்து அடைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது காய்ந்தபின் திட்டுத்திட்டாக வெளுத்து, உப்பும் பூத்துவிடும். விலை அதிகமானாலும் எபாக்ஸி க்ரௌட்டையே பயன்படுத்தச் சொல்லுங்கள். சில டைல்ஸின் மேல்பரப்பில் நுண்துளைகள் இருப்பதால் கருப்பு ஏறிக்கொள்ளும். ஒரு தனி டைலில் தடவி, துடைத்துப் பார்த்த பிறகே சுவரில் கைவைக்க வேண்டும். மூன்றாவது, கருப்புக் கோடு ஒட்டியவரின் கைத்திறனை மறைக்காமல் காட்டிவிடும். இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, நூல் பிடித்து ஒட்டிய சுவருக்கு மட்டுமே கருப்பு பொருந்தும். கோடுகள் முன்பின்னாக இருந்தால் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். டைல்ஸ் சிறியதாக இருந்தாலும் சாம்பலே நல்லது, ஏனெனில் நெருக்கமான கருப்புக் கோடுகள் சிறிய அறையில் வலைபோல் சூழ்ந்துகொள்ளும். ஓரடிக்கு இரண்டடி டைல்ஸில் கோடுகள் குறைவு. அங்கே கருப்பு கச்சிதமாக இருக்கும்.

கல் வைப்பதாக இருந்தால் கிரானைட்டைத் தேர்ந்தெடுங்கள். அடுக்களை மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் நாம் பழகிய கடப்பாக்கல் விலை குறைவானது, கருமையும் அழகானது. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறு பட்டாலே வெளுத்துத் தடம் விழும். வாஷ் பேசின் மேடைக்கும், சோப்பு வைக்கும் மாடத்தின் அடித்தட்டுக்கும், தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் வாசற்படிக்கும் கருப்பு கிரானைட் போதும். அந்த வாசற்படிக் கல் ஒன்றே, பழைய காவித் தரையின் கரை செய்த வேலையைச் செய்துவிடும்.

தரையைக் கருப்பாக்க வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்குப் பின் தரையில் தங்கும் எண்ணெய் கருப்பில் கண்ணுக்குத் தெரியாது. வழுக்கி விழுந்தபின்தான் தெரியும். வழுக்காத வகையில் இளஞ்சாம்பல் அல்லது மணல் நிற டைல்ஸைப் போட்டு, ஜாலியை நோக்கி ஏழடி நீளத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலச் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் புழங்கும் அறையாக இருந்தால், கருப்பின் உண்மையான உதவி வேறோர் இடத்தில் இருக்கிறது. வெளிர் சுவரில் வெளிர் நிறக் கைப்பிடி மங்கிய கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கருப்புக் கைப்பிடி அரையிருளிலும் தெரியும். கழிவறை இருக்கைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், செங்கல்வரை இறங்கும் திருகாணியால் அதைப் பொருத்துங்கள். எங்கள் வீட்டில் கருப்பைத் தயங்கி ஏற்ற ஆச்சி, இன்றைக்கு அந்த அறையில் முதலில் கை நீட்டுவது அந்தக் கைப்பிடியை நோக்கித்தான்.

பராமரிப்பு

கருப்புப் பரப்பில் தேய்க்கும் நாரும், பவுடரும், ஆசிட்டும் படவே கூடாது. உப்புப் படிந்துவிட்டால், வினிகரோடு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து மென்துணியில் நனைத்துக் குழாயைத் துடைத்து, ஓரிரு நிமிடங்களுக்குள் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்திவிடுங்கள். பூச்சின் தன்மை தெரியாவிட்டால் முதலில் குழாயின் பின்புறத்தில் சோதியுங்கள். கடப்பாக்கல் அருகில் இருந்தால் வினிகரையும் தவிர்க்க வேண்டும். எந்த நிலையிலும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு, காற்றோட்டம் குறைந்த சிறிய அறையில் உயிருக்கே ஆபத்தானது. வாஷ் பேசின் ஓரத்தில் கருப்பு சிலிகான் அடைத்திருந்தால், வெள்ளையில் தெரிவதுபோல் பூஞ்சை அதில் தெரியாது என்பதால், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வாரம் ஒருமுறை அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, துளி உலர்வதற்கு முன் துடைப்பதுதான். குளித்து முடித்தவர் வெளியே வருமுன் குழாயையும் கண்ணாடிச் சட்டத்தையும் ஒரு பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட அரை நிமிடம் போதும். உப்புத் தண்ணீரானாலும் படிவு சேர நேரமிருக்காது. துணி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் வீட்டிலுள்ள அத்தனை பேரும் துடைப்பார்கள் என்பதால், அதற்கென்று ஒரு கருப்புக் கொக்கியை முதல் நாளே வாங்கி, குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் தெறிக்காத புறமாகப் பொருத்திவிடுங்கள்.